சுமைக்கூலி

வெள்ளகெவி பள்ளிக்கூடத்தில் சேரச் சொல்லி 1988 ஜூனில் உத்தரவு வந்ததும், பையனுக்குக் கொடைக்கானலில் வேலை கிடைத்துவிட்டது என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். எனக்கும் அந்த நினைப்புதான். ஒரு ஸ்வெட்டரும் தகர டிரங்குப் பெட்டியும் வாங்கினேன். ஸ்வெட்டர் உதவியது. பெட்டி வட்டக்கானல் டீக்கடையைத் தாண்டவில்லை.

"இதை எதுக்கு சார் கொண்டாந்தீங்க? வெறும் பெட்டியே எட்டுக் கிலோ இருக்கும் போலயே" என்றார் குதிரைக்காரர். துணிமணியை ஒரு சாக்கில் கொட்டிக் கட்டி, மட்டக்குதிரையின் பொதிக்கு மேலே செருகினார். பெட்டியை டீக்கடைக்காரர் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். வெள்ளகெவியில் எதை எடுத்தாலும் முதலில் எடையைக் கேட்பார்கள், விலை அப்புறம்தான் என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறை வரை போய்ப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுவார்கள். அதற்கும் கீழே காட்டுக்குள் இறங்குகிற ஒற்றையடிப் பாதைதான் ஊருக்கு வழி. என் காலுக்கு இறங்க இரண்டு மணி நேரம், ஏற மூன்று. ஊரைத் தாண்டி இன்னும் இறங்கினால் கும்பக்கரை, அப்புறம் பெரியகுளம். ராத்திரி பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்தால் பெரியகுளத்து விளக்குகள் சிந்திக் கிடப்பதுபோலத் தெரியும். 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமானபோது கொடைக்கானலோடு சேர்ந்து இந்த ஊரும் அந்தப் பக்கம் போய்விட்டது. பெரியகுளம் மதுரையோடு நின்றது. ஆக, கண்ணுக்குத் தெரிகிற சந்தை ஒரு மாவட்டம், மனு கொடுக்க வேண்டிய ஆபீஸ் வேறு மாவட்டம்.

ஊருக்குள் செருப்புப் போடக்கூடாது. மூலைக்கு மூலை சாமி இருக்கிற ஊர். நடக்கிற இடமெல்லாம் கோயில் வாசல்தான் என்பது அவர்கள் கணக்கு. வாத்தியார் என்றாலும் கழற்றத்தான் வேண்டும். முதல் வாரம் கல்லும் குளிருமாகப் பாதம் இரண்டும் என்னுடையவை போலவே இல்லை. பிள்ளைகள் சரிவில் ஆட்டுக்குட்டி மாதிரி ஓடுவார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு வருவேன். தீபாவளிக்கு வீட்டுக்குப் போனபோது பழைய செருப்பு காலில் நுழையவில்லை, விரல்கள் அவ்வளவு அகன்றுவிட்டன. அம்மா என் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் விளக்கெண்ணெய் எடுக்கப் போனாள்.

பள்ளிக்கூடத்தில் 38 பிள்ளைகள். சத்துணவு அரிசியும் பருப்பும் குதிரை முதுகில் வரும். மழை பிடித்துக்கொண்டால் வராது. அட்டை ஏறும், பாதை வழுக்கும், குதிரையே அடி வைக்க யோசிக்கும். அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு கேட்டு வாங்கி உலை வைத்திருக்கிறோம். இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று அரசாங்கம் அறிவித்ததே, அதுதான் எங்களுக்கு வந்த சோதனை.

முட்டையைக் குதிரையில் ஏற்ற முடியாது. குலுங்குகிற குலுங்கலில் ஊர் வந்து சேரும்போது கரண்டிதான் தேவைப்படும். சத்துணவு ஆயாவின் மகன் ஒரு பிஸ்கட் தகரத்தில் உமியைப் பரப்பி, முட்டை அடுக்கி, மறுபடி உமி போட்டுத் தலையில் சுமந்து வந்தான். ஊரே பள்ளிக்கூட வாசலில் நின்றது. ஆயா உமிக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். 38 வைத்ததில் முழுசாக வந்தவை 29.

நான் யாருக்கு இல்லை என்று சொல்வது? பலகையில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுபோல நேரத்தைக் கடத்தினேன். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "நூல் இருக்கா சார்?" என்றாள். பாவாடை ஓரத்திலிருந்து அவளே ஒரு நூலை உருவினாள். அவித்து உரித்த முட்டையைச் சுற்றி நூலை வளைத்து இரண்டு முனையையும் இழுத்தாள். மஞ்சள் சிந்தாமல் முட்டை சரிபாதியாகப் பிளந்தது. 29 முட்டை, 58 பாதி. ஆளுக்கு ஒரு பாதி போக மிச்சம் 20. ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் சேர்த்து 17 பேர். சின்னப் பிள்ளைகள் என்று அவர்களுக்கு இன்னொரு பாதி. மிச்சம் மூன்றில் ஒன்று ஆயாவுக்கு, ஒன்று சுமந்து வந்தவனுக்கு, ஒன்று எனக்கு. நான் சொல்லிக்கொடுத்த வகுத்தல் கணக்குகளில் அதுபோல் எதுவும் அமையவில்லை.

பதிவேட்டில்தான் 'உடைந்தது' என்று எழுத இடமில்லை. ஒன்பது முட்டைக்குக் கணக்கு எங்கே என்று மேலே ஓர் அதிகாரி கேட்டார். ஒருநாள் வந்து பாருங்கள் ஐயா என்றேன். வரவில்லை, ஒன்பது முட்டைக் காசை என்னிடம் வாங்கிக்கொண்டார். பார்வையிட்டதாகக் கையெழுத்து மட்டும், நான் நோட்டை மேலே தூக்கிப் போகும்போதெல்லாம் விழுந்துவிடும்.

ஊரின் வரும்படியும் எடையில்தான் தொங்கியது. காபியும் மிளகும் சுமைக்குத் தகுந்த காசு தரும். பட்டர் பழம் தராது. இன்றைக்கு நகரத்துப் பழக்கடையில் அதற்கு அவக்கேடோ என்று பெயர், விலையும் தனி. அன்றைக்குப் பழம் விற்று வருகிற காசு குதிரைக் கூலிக்கே காணாது. மரத்தடியில் விழுந்து அழுகும்; காட்டுப்பன்றி தின்றது போக மீதியை நாங்கள் நாட்டுச்சர்க்கரை போட்டுப் பிசைந்து தின்போம். சலிக்கச் சலிக்கத் தின்றிருக்கிறேன்.

இதே பாதையில்தான் 1821இல் வார்டு என்ற வெள்ளைக்கார லெப்டினன்ட், பழனி மலையை அளக்க வெள்ளகெவியிலிருந்து மேலே ஏறினார். 1845இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் மேலே கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். மலைக்கு மோட்டார் சாலை வரும் முன்பு துரைமார்களையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் நாற்காலியில் உட்காரவைத்துக் கூலியாட்கள்தான் மலையேற்றினார்கள். 1914இல் சாலை வந்தது, வத்தலக்குண்டுப் பக்கமிருந்து. இதை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்று கேட்ட பெரியவர், "வழி காட்டினவன் இங்கயேதான் கெடக்கான் தம்பி, வந்தவன் மேல பங்களா கட்டிட்டான்" என்றார்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் டோலி. நீளக் கம்பில் கம்பளியைத் தொட்டில்போலக் கட்டி ஆளைப் படுக்கவைத்து, வளைவுக்கு வளைவு தோள் மாற்றித் தூக்குவார்கள். கொடைக்கானலுக்கு ஏறுவதா, பெரியகுளத்துக்கு இறங்குவதா என்று புறப்படும்போது ஒரு பேச்சு நடக்கும். கனத்த ஆள் என்றால் கீழே, மெலிந்த ஆள் என்றால் மேலே. நான் தோள் கொடுத்தது இரண்டு முறை. முதல் முறை காய்ச்சல் கண்ட ஒரு தாத்தா. பேச்சு இழுத்துக்கொண்டே போனதில், கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது: "நான் ஒல்லிதாண்டா, மேலயே தூக்குங்க." பத்து நாளில் நடந்தே திரும்பினார். இரண்டாம் முறை கொண்டுபோனவர் திரும்பி வந்ததும் எங்கள் தோளில்தான். அதை எழுத எனக்கு மனசில்லை.

முதுகில் பையோடு மலையேற வருகிற பிள்ளைகள் சிலர், சாலை போட்டால் இந்த மாதிரி ஊரெல்லாம் கெட்டுப்போகும் என்று இப்போது பேசக் கேட்கிறேன். நிரப்பிய சமையல் சிலிண்டர் ஒன்று கிட்டத்தட்ட 30 கிலோ. அதை ஒருமுறை வட்டக்கானலிலிருந்து இறக்கிக் காட்டிவிட்டு அவர்கள் பேசட்டும்.

1992இல் மாற்றல் வந்தது. டீக்கடையில் என் டிரங்குப் பெட்டி இருந்தது, வர்க்கியும் முறுக்கும் நிறைந்து. "எடுத்துக்கங்க சார், காலி பண்ணித் தர்றேன்" என்றார் கடைக்காரர். வேண்டாம் என்றுவிட்டு அதே சாக்கோடு பஸ் ஏறினேன். இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டன, அந்தப் பக்கம் நான் போகப் போவதில்லை.

நீங்கள் போனால் ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றிவிடுங்கள். பாதையில் குதிரை மணி கேட்டால் மலைச் சுவரோடு ஒட்டி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் ஒதுங்காதீர்கள். பொதி இடிக்கும்.