குட்டை மூக்கும் ஓர் எழுத்தும்

ஈரோடு டீசல் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது அட்டையில் எஞ்சின் செய்கிறார். 87-இல் ஒரு பங்கு அளவு. 17 மீட்டர் எஞ்சின் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும்.

"எல்லாம் ஒண்ணாத்தானுங்க இருக்குது, அப்பிச்சி?" என்கிறான் பேரன்.

"குட்டை மூக்கைப் பாரு, கண்ணு."

மூக்கு உயர்ந்து, முன்கண்ணாடி சிறிதாக இருந்தால் சாதாரண டபிள்யூ.டி.எம்.-2, 2,600 குதிரைத்திறன். மூக்கு தாழ்ந்து, கண்ணாடி பெரிதாக இருந்தால் அதே ரகத்தில் 'ஜம்போ'. எண்ணுக்குப் பின்னால் 'ஆர்' இருந்தால், பழையதைப் பிரித்து 3,100 குதிரைத்திறனுக்குத் திருப்பிக் கட்டிய டபிள்யூ.டி.எம்.-3ஏ.

மின்பாதை வந்தபின், அவர் கைபட்ட எஞ்சின்கள் பலவும் பழைய இரும்பாகிவிட்டன. அதனாலேயே அந்த ஓர் எழுத்தை மறக்காமல் எழுதுகிறார். அந்த எஞ்சின்களுக்குக் கிடைத்த மறுபிறவிக்கு அது ஒன்றுதான் அடையாளம்.