ஒரே ஒரு மந்திரம்

போன மே மாதம், அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தபோது, பெரியவன் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு அம்பத்தூர் வந்திருந்தான். பேரனுக்குப் பதின்மூன்று வயது. மத்தியானத்தில் வெளியே தலைகாட்ட முடியாது. ஓ.டி. வரைக்கும் போய் நுங்கு வாங்கி வருகிறேன் என்றால்கூட அவன் பாட்டி விடமாட்டாள். பிள்ளை சலித்துப் போகிறானே என்று பரணிலிருந்து பழைய பரமபதப் படத்தை எடுத்து, தூசி தட்டி விரித்தேன்.

அவன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தையும் ஒரு சுருக்குப்பையையும் எடுத்து வந்தான். பையைக் கவிழ்த்தால் அத்தனையும் பகடை. நான்கு முகம், ஆறு முகம், எட்டு, பத்து, பன்னிரண்டு, கடைசியாக இருபது முகம். எழுபத்தேழு வயதில் நான் பார்த்ததெல்லாம் தாயக்கட்டையும் சோழியும்தான்.

"இதுக்குப் பேரு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், தாத்தா. பலகை வேணும்னு இல்ல. நான் கதை சொல்லுவேன். நீங்க அந்தக் கதையில ஒரு ஆளு. என்ன செய்றீங்கன்னு சொல்லணும். நடக்குதா இல்லையான்னு பகடை சொல்லும்."

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். ஆள் போதாமல் என்னையும் உட்கார வைத்தான். வாள் தூக்குகிற வயசா எனக்கு? மந்திரவாதியாக இருந்துகொள்கிறேன் என்றேன். இப்படித்தான் ஆரம்பித்தது.

மந்திரவாதி ஆவது லேசான காரியமில்லை. பெரிய புத்தகத்தைப் புரட்டி மந்திரங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிலது எத்தனை முறை வேண்டுமானாலும் வீசலாம். தீக்கொழுந்து ஒன்றை எறிகிற மந்திரம் அப்படி. நான் அதற்குச் சில்லறை மந்திரம் என்று பேர் வைத்தேன். பெரிய மந்திரங்களுக்கு மட்டும் கணக்கு உண்டு. முதல் நிலையில் இருப்பவனுக்கு நாளொன்றுக்கு இரண்டு. இரண்டு நாளில் நான் கொஞ்சம் தேறிவிட்டேன். சாப்பிடக் கூப்பிட்டால்கூட, "இரு, பூதத்தை முடிச்சிட்டு வரேன்" என்று சொல்ல ஆரம்பித்து வீட்டுக்காரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமைதான் பெரியவன் வந்து உட்கார்ந்தான். மகன் எதிரே நின்று, என்ன ஆளாக ஆடப்போகிறாய் என்று கேட்டான். இவனும் மந்திரவாதி என்றான்.

"ஒரு மந்திரம்தானே?"

"ஒண்ணா? என்னப்பா சொல்றீங்க?"

"முதல் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே மந்திரம். காலையில புஸ்தகத்தைப் பார்த்து உருப்போடணும். சொல்லி முடிச்சதும் மண்டையிலேருந்து அழிஞ்சிடும். மறுபடி மறுநாள் தூங்கி எழுந்து உருப்போட்டாத்தான் உண்டு. அதுவரைக்கும் கையில குத்துவாளோட மத்தவங்க முதுகுக்குப் பின்னாடி நிக்கணும்."

பேரன் வாய் பிளந்து பார்த்தான். அப்பாவுக்கு இந்த ஆட்டம் தெரியும் என்பதே அவனுக்குப் புதிது. எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் வயிற்றில் ஏதோ செய்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று மாலை அப்பனும் பிள்ளையும் போட்ட விவாதத்தில் நான் தெரிந்துகொண்டவை நிறைய. இந்த ஆட்டத்தை கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் கொண்டுவந்தார்கள். அப்போது மூன்றே வகை ஆட்கள்: சண்டைக்காரன், மந்திரவாதி, பூசாரி. பூசாரிக்கு முதல் நிலையில் ஒரு மந்திரம்கூடக் கிடையாதாம், இரண்டாம் நிலைக்கு வந்தால்தான். உருப்போட்டு, சொன்னதும் மறக்கிற ஏற்பாட்டை அவர்கள் ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவருடைய 'தி டையிங் எர்த்' 1950-ல் வந்த புத்தகம். என்னைக் கேட்டால் அதற்கு வான்ஸ் எதற்கு? நம் ஊரில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் அந்த வகை மந்திரவாதிகள்தான். எழுதிவிட்டு ஹாலை விட்டு வெளியே வந்தால் சுத்தமாகத் துடைத்துவிட்டிருக்கும்.

பெரியவன் ஆடியது 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு. அதில் மந்திரவாதியின் உயிருக்கு நான்கு முகப் பகடையை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் பூனை பிறாண்டினாலே ஆள் காலி. ஆனால் அந்த ஒற்றை மந்திரத்துக்கு ஒரு மதிப்பு இருந்தது. தூங்கவைக்கிற மந்திரம் என்று ஒன்று. அதைச் சொன்னால் ஒரு கூட்டமே அப்படியே சரியும். சின்னச் சின்ன எதிரிகளுக்குத் தப்பிக்க வாய்ப்பே கிடையாது. பேரன் கையில் இருக்கிற 2024 புத்தகத்தில், எதிரி பகடை உருட்டி அதைச் சமாளித்துக்கொள்ளலாம். "இது தாலாட்டு, மந்திரமில்ல" என்றான் பெரியவன்.

2000-த்தில் வந்த மூன்றாம் பதிப்பில் புத்தகமே தேவைப்படாத பிறவி மந்திரவாதி வந்து சேர்ந்தான். அவனுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், ஆனால் உருப்போட வேண்டியதில்லை, நினைத்த நேரத்தில் சொல்லலாம். எங்கள் தெருவில் கணக்குப் புத்தகத்தைத் தொடாமலே நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரு பையன் இருந்தான். அவன் ஞாபகம் வந்தது. குட்டிச்சாத்தானோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்ட மாதிரி இன்னொரு வகையும் பின்னால் வந்தது. 2008-ல் நான்காம் பதிப்பு. அதில் வாள்காரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே மாதிரி கணக்கு: எப்போதும் செய்யக்கூடியது, சண்டைக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை. அந்தப் பேச்சை எடுத்தால் பழைய ஆட்கள் இன்னும் சண்டைக்கு வருவார்களாம். 2014-ல் ஐந்தாவது. சில்லறை மந்திரங்கள் அதிலும் கணக்கில்லாமல் கிடைத்தன. பெரிய மந்திரங்களையும் இத்தனை முறை என்று தனித்தனியாக உருப்போட வேண்டாம் என்றாகிவிட்டது.

இந்தக் கடைசி விஷயம் எனக்கு உடனே பிடிபடவில்லை. பேரன் மூன்று தரம் சொல்லியும் புரியாமல், நானே ரேஷன் கடையை வைத்துப் புரிந்துகொண்டேன். முன்பு ஒவ்வொரு கூப்பனிலும் பொருளின் பேர் எழுதியிருக்கும். சர்க்கரைக் கூப்பனுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காது. இப்போது கூப்பனில் பேர் இல்லை. காலையில் எழுதிக்கொண்ட பட்டியலில் எது வேண்டுமோ அதை வாங்கிக்கொள்ளலாம்.

"பழைய ஆட்டத்துலதான் யோசனை இருந்துது. எப்போ அதைச் செலவழிக்கிறதுன்னு மூணு மணி நேரம் பயந்துக்கிட்டே இருப்போம்" என்றான் பெரியவன்.

"ஒரு தடவை சொல்லிட்டா மிச்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பீங்களா? அது எதுக்கு ஆட்டம்?" என்றான் சின்னவன்.

எனக்குச் சின்னவன் சொல்வதுதான் சரி என்று பட்டது. சும்மா இருக்கவைப்பதில் என்ன திறமை இருக்கிறது? ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. காரணம் இருந்தது.

"உங்க பழைய புஸ்தகத்தைக் காட்டுங்கப்பா. இங்கதானே இருக்கும்?" என்று பேரன் எழுந்தே விட்டான்.

பெரியவன் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே, "அது எங்கயோ தொலைஞ்சு போச்சுடா" என்றான். என்னைப் பார்க்கவில்லை.

1993. பெரியவன் பிளஸ் டூ. அவன் சிநேகிதன் ஒருவனின் மாமா அமெரிக்காவிலிருந்து இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கிறார். மூன்று பையன்கள் காசு சேர்த்து, இருநூற்றுச் சொச்சம் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து பைண்டு பண்ணிக்கொண்டார்கள். அதோடு ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் இவன் கையாலேயே வரைந்த குகைகள், கோட்டைகள், கட்டம் கட்டமாக எண்கள். ஒன்றரை வருஷ ஆட்டம். காலாண்டில் பிசிக்ஸ் மார்க் இறங்கியதும் நான் கட்டிலுக்கு அடியில் தேடினேன். தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வந்த உடம்பு அசதி, பையன் எங்கே தறிகெட்டுப் போய்விடுவானோ என்ற பயம். பூதம், பிசாசு என்று படங்களைப் பார்த்ததும் ஆத்திரம் கூடியது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய பேப்பரோடு சேர்த்து அந்த ஞாயிற்றுக்கிழமையே எடைக்குப் போட்டேன். திங்கட்கிழமை சாயங்காலம் அவன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான், எழுந்தான், ஃபார்முலாக்களை உருப்போட உட்கார்ந்தான். அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நல்ல மார்க் வாங்கினான், இஞ்சினியரிங் படித்தான், வேலைக்குப் போனான். முப்பத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

"தொலைஞ்சு போகல. நான்தான் எடைக்குப் போட்டேன்" என்றேன் பேரனிடம்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. பெரியவன் தலையைத் தூக்கினான்.

"தெரியும்ப்பா."

"எப்படி?"

"மறுநாளே பேப்பர் கடைக்குப் போனேன். காலையிலேயே லோடு ஏத்தி அனுப்பிட்டேன் தம்பின்னார்."

அவன் சைக்கிளை மிதித்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போயிருப்பான் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. புத்தகம் போனது போகட்டும், அந்த நோட்டையாவது விட்டு வைத்திருக்கலாம், தப்புப் பண்ணிட்டேன் என்றேன். குரல் சரியாக வரவில்லை. அவன், "விடுங்கப்பா, பிசிக்ஸ்ல நிஜமாவே மோசமாத்தான் வாங்கியிருந்தேன்" என்றான்.

பேரனுக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அவனுக்குத் தெரிய வேண்டியது வேறு. "உங்க மந்திரவாதி எந்த நிலையில இருந்தாரு?"

"அஞ்சாவது. அப்பத்தான் ஏறினேன்."

"அப்போ தீக்கோளம் வந்திருக்குமே!"

"வந்துச்சு. புஸ்தகத்துல எழுதிக்கிட்டேன். வீசல."

ஐந்தாம் நிலையில்தான் மூன்றாம் தர மந்திரங்கள் திறக்கும். அதில் எல்லாரும் ஆசைப்படுவது இந்தத் தீக்கோளம் என்று எனக்கு விளக்கினார்கள். நாளுக்கு ஒன்றே ஒன்று. பேரன் கொஞ்சம் யோசித்தான். எங்கள் முதல் நிலை ஆட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, புதிய தாளில் கட்டங்கள் போட்டான். ஒரு குகை, உள்ளே பன்னிரண்டு பூதங்கள், வாசலில் ஐந்தாம் நிலை மந்திரவாதி ஒருவர்.

"புது ரூல்ப்படி உங்களுக்கு ரெண்டு தீக்கோளம் உண்டு அப்பா. ஒவ்வொண்ணுக்கும் எட்டு பகடை."

எட்டு ஆறுமுகப் பகடைகளை அவன் அப்பன் கையில் கொட்டினான். பெரியவன் எண்ணிப் பார்த்து மூன்றைத் திருப்பிக் கொடுத்தான்.

"பழைய ஆளு. நிலைக்கு ஒண்ணு. அஞ்சு போதும். தீக்கோளமும் ஒண்ணே ஒண்ணு போதும்."

அவன் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மேஜைமேல் கவிழ்ந்திருந்தார்கள். பெரியவன் ஐந்து பகடையையும் உள்ளங்கையில் மூடிக் குலுக்கி, கண்ணை ஒரு நொடி மூடித் திறந்து, உருட்டினான்.

இருபத்திரண்டு விழுந்தது.