மூணு தரம் அமுக்குங்க, மதினி!

எங்கள் வீடு தூத்துக்குடியில், உப்பளத்துக்குப் போகிற பாதையில் இருக்கிறது. இங்கே காற்றிலேயே உப்பு. ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடித்தாலும் பொரிப் பொரியாக உதிரும். அரிவாள்மணை, பூட்டு, சைக்கிள் எதுவும் தப்பாது. அப்படியிருக்க, வாசலில் வெயிலிலும் மழையிலும் நிற்கிற வேன் மட்டும் தப்புமா? எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

வேன் 2005இல் வாங்கியது. என் கணவர் அதில்தான் கடைகளுக்குச் சேவு, முறுக்குப் பாக்கெட் போடுகிறார். 2023 சித்திரையில் ஒருநாள் சாப்பிடும்போது, "பிரேக் பைப்பெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சாம், மாத்தணும்னு தம்பி சொல்லுதான்" என்றார்.

"ஓடிக்கிட்டுத்தானே இருக்கு? சீட்டுக்கு 5,000 கட்டணும். அடுத்த மாசம் பாப்போமே" என்றேன் நான்.

அடுத்த மாசம் மகளுக்குக் கல்லூரிப் பணம். அதற்கடுத்த மாசம் அத்தைக்குக் கண் ஆபரேஷன். பிரேக் பைப் நாங்கள் இருவருமே மறந்த கணக்காகிவிட்டது.

ஆவணியில் ஒரு சனிக்கிழமை, குடும்பத்தோடு திருச்செந்தூர் போகக் கிளம்பினோம். விடியற்காலை கோலம் போடும்போதே வேனின் பின்சக்கரத்துக்கு உள்பக்கமாகத் தரையில் ஈரம் பார்த்தேன். தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது. நாய் ஏதோ பண்ணியிருக்கும் என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டேன். ஆபத்து தானாக வந்து வாசலில் சொல்லியது. நான் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிவிட்டேன்!

தெருமுனையில், பெரிய ரோட்டில் உப்பு லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. இவர் பிரேக்கை அழுத்தினார். பெடல் தரைவரைக்கும் போய்விட்டது. "ஐயோ, பிடிக்கலையே!" என்று இவர் சொன்னதும், ஹேண்ட் பிரேக்கை இழுத்ததும், கியரைக் குறைத்ததும் எல்லாம் ஒரே நொடியில். லாரிக்கும் எங்களுக்கும் நாலடிகூட இருக்காது. பின்சீட்டில் அத்தை, "முருகா, முருகா" என்கிறார்கள். எனக்கு வாயே திறக்கவில்லை. "அடுத்த மாசம் பாப்போமே" என்ற என் குரல்தான் எனக்கே கேட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கடைப் பையன்கள் சேர்ந்து வேனை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பிரேக் இல்லாத வண்டியை ஷெட்டுக்கு ஓட்ட முடியுமா? என் கொழுந்தனார் இருபது வருஷமாக மெக்கானிக். "மறுநாள் ஞாயிறுதானே, வீட்டிலேயே பார்த்துவிடலாம்" என்று அன்றே வந்து, துருவேறிய நட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் அடித்து ஊறவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை சிமெண்டுத் தளத்தில் வேலை ஆரம்பமானது. சக்கரம் உருளாமல் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, இரும்பு ஸ்டாண்டில் நிறுத்தினார். "ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியிலே படுக்கக் கூடாது. செங்கல்லையும் நம்பக்கூடாது, நொறுங்கிடும்" என்று என் மகனுக்குச் சொன்னார். கழற்றிய பழைய பைப்பைப் பார்த்தபோது என் வயிறு கலங்கியது. மேலே சாதாரணத் துரு மாதிரிதான். விரலால் சுரண்டினால் அப்பளம் போலப் பொடிந்தது! சேறு ஒட்டிக் கிடந்த வளைவில்தான் ஓட்டை.

"பிரேக் ரெண்டு வழியா பிரிஞ்சு போகுது மதினி. ஒண்ணு விட்டுட்டாலும் இன்னொண்ணு கொஞ்சம் பிடிக்கும். ஹேண்ட் பிரேக்குக்குத் தனிக் கேபிள். அதனாலதான் நேத்து தப்பிச்சீங்க" என்றார்.

ஒன்று போனால் மற்றதற்கும் அதே வயசுதானே? எல்லா இரும்பு பைப்பையும், கூடவே ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினார். புது பைப்பைப் பழைய பைப் போலவே நிதானமாக வளைத்தார். மகன், "சித்தப்பா, பிரிட்ஜுக்குப் போடற தாமிரக் குழாய் துருப்பிடிக்காதே, அதைப் போட்டா என்ன?" என்றான். "அது ஆட்டத்துலயும் அழுத்தத்துலயும் நாளடைவில் விரிசல் விடும்லே. பிரேக்குக்கு உள்ளதைத்தான் போடணும்" என்றார்.

கடைசியில்தான் எனக்கு வேலை வந்தது: பிரேக்கில் ஏர் எடுக்க ஒரு ஆள் பெடலை அமுக்க வேண்டும். இருபது வருஷத்தில் முதல்தடவையாக நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன்.

"மூணு தரம் அமுக்குங்க, மதினி. மூணாவது தரம் அப்படியே பிடிச்சுக்கங்க. நான் சொல்லாம காலை எடுத்துராதீங்க!"

எடுத்தால் வெளிக்காற்று மறுபடி உள்ளே போய்விடுமாம். நான் பிடித்திருக்க, அவர் சக்கரத்தருகே திருகைத் தளர்த்துவார். பெடல் மெதுவாக இறங்கும். குழாய் வழியே பாட்டிலுக்குள் கொப்புளம் கொப்புளமாகக் காற்று வரும். அவர் இறுக்கி, "விடுங்க" என்றால்தான் காலை எடுக்க வேண்டும். தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்து நாலு சக்கரத்துக்கும் இப்படி. மகள் மேலே டப்பாவில் ஆயில் வற்றாமல் ஊற்றிக்கொண்டே இருந்தாள். முதலில் டிகாஷன் நிறத்தில் வந்த ஆயில் கடைசியில் வெளுத்து வந்தது. பெடலும் கல் மாதிரி நின்றது.

ஆயில் பிடிக்க நான் கொடுத்தது காலி குளிர்பானப் பாட்டில். கொழுந்தனார் உடனே, "வேண்டாம் மதினி, இது விஷம். பிள்ளைங்க சர்பத்துன்னு எடுத்துக் குடிச்சிரும்" என்று திருப்பித் தந்துவிட்டு, தன் ஷெட் டப்பாவையே வைத்துக்கொண்டார். சகோதரிகளே, இதை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் கைமேலோ, வண்டிப் பெயிண்ட்மேலோ பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் திறந்து வைத்த பழைய டப்பா ஆயிலை ஊற்றவும் கூடாது.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு பெடலை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கசிவில்லை. காலித் தெருவில் நடை வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். மறுநாள் ஷெட்டிலும் ஒருமுறை அடியில் பார்த்துவிட்டார்கள். செலவு 4,000-த்துக்குக் கொஞ்சம் மேல். என் ஒரு மாதச் சீட்டுப் பணம்கூட இல்லை.

இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே ஸ்பானர் எடுக்கச் சொல்லவில்லை. கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை இது. ஆனால் பார்ப்பது நம்மால் முடியும். டப்பாவில் ஆயில் அடிக்கடி குறைகிறதா? சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரமா? பெடல் மெத்தென்று இறங்குகிறதா? உடனே வண்டியை நிறுத்துங்கள்.

அன்று இரவு இவரிடம், "நான் அன்னிக்கே சரின்னு சொல்லியிருக்கணும்" என்றேன். "நானும் ஓட்டாம இருந்திருக்கணும்" என்றார் அவர். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கோலம் போட உட்காருவதற்கு முன்னால், குனிந்து வேனுக்கு அடியில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் மாவில் கை வைக்கிறேன்.