வைகை, வேகாஸ் ஆன கதை

கொடைக்கானல் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக் கொள்வார்கள். மங்கி குல்லா எடுத்துக் கொள்வார்கள். என் மாமா ஒரு ஈரச் சாக்கு எடுத்துக் கொண்டார்!

"எதுக்கு மாமா இது?"

"இருக்கட்டும் மாப்ள. பார்க்கலாம்."

பெரியகுளத்தில் காலை பஸ். எனக்கு ஆபீஸில் ஒருநாள் லீவு. 'சொந்த அலுவல்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். 'மாமாவின் ரோஜாவைத் திருடியவர்களைப் பிடிக்கப் போகிறேன்' என்று எழுதினால் மேனேஜர் சாங்ஷன் பண்ணுவாரா, சொல்லுங்கள்?

விஷயம் இதுதான். பக்கத்து வீட்டுப் பையன் கல்யாணமான கையோடு கொடைக்கானல் போய் வந்தான். மனைவியை நிற்க வைத்து எடுத்த நூற்றுச் சொச்சம் போட்டோக்களை மாமாவிடம் செல்போனில் காட்டினான். மாமா ஒரு போட்டோவில் நின்றுவிட்டார். பெண்ணைப் பார்க்கவில்லை, பெண்ணுக்குப் பின்னால் தொட்டியில் இருந்த ரோஜாவைப் பார்த்தார். மலைப் பாதையில் ஒரு நர்சரி. "இது நம்ம வைகைடா!" என்றார்.

மாமா தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். மற்றவர்கள் ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு கோயில், குளம் என்று கிளம்புவார்கள். இவர் அதற்கு முன்பே, 1999ல், மொட்டை மாடிக்குக் கிளம்பிவிட்டார். பெரியகுளம் வெயிலில் வாடாத ரோஜா ஒன்றை உண்டாக்க வேண்டும் என்பது லட்சியம்.

ரோஜாவை எப்படி உண்டாக்குவது? காட்ரோடு தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியதும் மாமா வகுப்பு எடுத்தார். (முன் சீட் பாட்டி உள்பட எல்லோரும் கேட்டோம்.) தாயாக ஒரு பூவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதி விரிந்த நிலையிலேயே இதழ்களைப் பிய்த்துவிட்டு, மகரந்தம் உதிர்வதற்குள் மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். மறுநாள், தகப்பனாகப் போகிற பூவின் மகரந்தத்தைப் பிரஷ்ஷால் தடவி, காகிதப் பை போட்டு மூடி, யாருக்கு யார் என்று சீட்டுக் கட்டிவிட வேண்டும். ஏறக்குறைய ஜாதகம் பார்த்துச் செய்கிற கல்யாணம். மூன்று நான்கு மாதத்தில் காய் பழுக்கும். விதைகளை ஈரத்துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் ஒன்றரை, இரண்டு மாதம் வைத்தால்தான் 'குளிர்காலம் முடிந்தது' என்று நம்பி முளைக்கும்.

"ஃப்ரிட்ஜ்ல வெச்ச முதல் வருஷத்து விதையை உங்க அத்தை வெந்தயம்னு நினைச்சு தாளிச்சுட்டா. அது ஒரு வருஷம் போச்சு."

முளைக்கிற ஒவ்வொன்றும் ஒரு புது ரோஜா. ஒரே காயின் விதைகள்கூட ஒன்று போல் ஒன்று இருக்காது. பெரும்பாலானவை குப்பைக்குத்தான். தப்பித் தவறி நல்லது ஒன்று வந்தால், அதன் மொட்டுக் கண்ணை எடுத்து எட்வர்ட் ரோஜாத் தண்டில் ஒட்டுக் கட்டிப் பெருக்க வேண்டும். அப்போதுதான் அதே பூ திரும்பக் கிடைக்கும்.

மாமாவின் நோட்டுப் புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன். பி.காம் படித்தவனல்லவா, கடைசிப் பக்கத்துக் கூட்டலைத்தான் முதலில் பார்த்தேன். ஏழு வருஷத்தில் போட்ட விதை 3,140. முளைத்தது 702. வைத்துக்கொண்டது 11. பெயர் வைத்தது 1. இப்படி ஒரு கம்பெனி பாலன்ஸ் ஷீட் காட்டினால் ஆடிட்டர் மயங்கி விழுவார்.

அந்த ஒன்றுதான் வைகை. முதலில் அத்தையின் பெயரைத்தான் வைப்பதாக இருந்தார். அத்தை ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "என் பேரைச் சொல்லி, 'அம்பது ரூவா, நாப்பது ரூவா'ன்னு ரோட்ல வெச்சு விப்பானுங்க. வேணாம்!"

பூவோ செம்மண்ணும் மஞ்சளும் கலந்த நிறம். "புதுத்தண்ணி வர்றப்ப வைகை என்ன நிறத்துல வரும்? அந்த நிறம். மத்த நாள்ல தண்ணியே இல்லாமயும் இருக்கும். ரெண்டும் பொருத்தம்தானே?"

2009ல் கொடைக்கானல் போனபோது மாமா நான்கு குச்சிகளை வெட்டிப்போய், மலைப்பாதை நர்சரிக்காரர் ஒருவரிடம் கொடுத்தார். பணம் வாங்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தாராம்.

*

டம்டம் பாறை வந்தது. எதிர்மலையில் எலிவால் அருவி வெள்ளை நூல் மாதிரி தொங்கியது. எல்லோரும் அதைப் பார்க்க, நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு செடிக்குப் பத்து ரூபாய் ராயல்ட்டி, வருஷத்துக்கு ஐந்நூறு செடி, பதினைந்து வருஷம்...

ஆசை இல்லாமல் இல்லை, சார்! அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் வில்லியம் ராட்லர் என்று ஒருவர் வீட்டு அடித்தளத்தில் விளக்குப் போட்டு ரோஜா நாற்று வளர்த்தார். நோய் வராத, மருந்து கேட்காத ரோஜாவாக ஒன்று தேறியது. 'நாக் அவுட்' என்று பெயர். 2000ல் கடைக்கு வந்து, கோடிக்கணக்கில் விற்றது. அந்த நாட்டில் செடிக்குக் காப்புரிமை தருகிற சட்டம் 1930லேயே வந்துவிட்டது. 1931ல் கொடுத்த முதல் காப்புரிமையே 'நியூ டான்' என்கிற ஒரு கொடி ரோஜாவுக்குத்தான்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2001ல் போட்டது. புது ரகம் தனித்துத் தெரிய வேண்டும், எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், தலைமுறை மாறினாலும் குணம் மாறக் கூடாது. முக்கியமாக, விண்ணப்பம் போடுவதற்கு முன் ஓராண்டுக்கு மேல் இங்கே விற்பனையில் இருந்திருக்கக் கூடாது. இந்த வரியைப் படித்தபோதே என் கோட்டை பாதி சரிந்துவிட்டது. மாமா டீ குடித்தது 2009ல்!

*

நேராக நர்சரிக்குப் போயிருக்கலாம். மாமாவுக்கு ஏதோ தயக்கம். "முதல்ல மேல போவோம்" என்று பிரையன்ட் பார்க்குக்கு இழுத்துப் போனார். 1908ல் பிரையன்ட் என்ற வனத்துறை அதிகாரி ஏரிக்கரையில் போட்ட தோட்டம். நானும் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ரோஜாப் பாத்தியில் நின்று பூவைப் பார்க்காமல் இலையைத் திருப்பிப் பார்க்கிற ஆளோடு போனது அன்றுதான்.

"மாப்ள, இந்த ஊர்ல ஒரு பெரிய மனுஷர் ரோஜாவுக்காகவே வந்து குடியேறினாரு, தெரியுமா?" என்றார்.

எம்.எஸ்.வீரராகவன். ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1980ல் அந்த வேலையை விட்டுவிட்டு மனைவி கிரிஜாவுடன் கொடைக்கானலுக்கு வந்துவிட்டார். (நான் ஒருநாள் லீவு போடவே மூன்று நாள் யோசித்தவன்.) கிரிஜா, டாக்டர் ராதாகிருஷ்ணனின் பேத்தி. இருவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ரோஜாக்களையெல்லாம் வெள்ளைக்காரர்கள் தங்கள் குளிருக்காக உண்டாக்கினார்கள், நம் வெயிலுக்கு யார் உண்டாக்குவது? வங்காளத்து ஈர நிலங்களில் வளரும் 'க்ளைனோஃபில்லா' என்ற காட்டு ரோஜாவையும், மணிப்பூர், பர்மா மலைகளின் 'ஜைகான்டியா' என்ற ராட்சதக் கொடி ரோஜாவையும் தோட்டத்து ரோஜாக்களோடு கலந்தார்கள். அவர்கள் உண்டாக்கிய ரோஜாக்கள் இந்திய நர்சரிகளிலும் அமெரிக்க நர்சரிகளிலும் விலைக்கு வந்தன. தாவர விஞ்ஞானி ஜானகி அம்மாள் பெயரிலும் ஒரு ரோஜா உண்டு.

"அவிங்கள்லாம் படிச்சவங்க மாமா. விவரமா பதிவு பண்ணி பேர் வெச்சிருப்பாங்க."

"பதிவு பண்ணினா மட்டும்? இங்கிலாந்துல நார்மன்னு ஒருத்தர். வைரம் பதிக்கிற வேலை. பொழுதுபோக்குக்கு ரோஜா. அவர் உண்டாக்கின சிவப்பு ரோஜா 1946ல விற்பனைக்கு வந்து சக்கைப்போடு போட்டுச்சு. அதுக்கு என்ன பேர் தெரியுமா? 'ஈனா ஹார்க்னஸ்'. அது நர்சரிக்காரர் வீட்டுப் பொம்பளை பேரு!"

சொல்லிவிட்டு மாமா சிரித்தார். எனக்கு, அவர் எதற்கோ மனசைத் தயார் பண்ணிக்கொள்கிறார் என்று பட்டது.

*

நர்சரியில் நுழைந்ததும் நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். மாமா என்னைத் தாண்டிப் போய்விட்டார். மூன்றாவது வரிசை. முப்பது நாற்பது தொட்டி. புதுத்தண்ணி நிறம்.

செருகியிருந்த அட்டையைப் படித்தேன். 'வேகாஸ். ரூ.150.'

கடைப் பையன் ஓடி வந்தான். "அமெரிக்கா வெரைட்டி சார். எந்த வெயிலுக்கும் தாங்கும்."

"அப்படியா? மார்கழில கவாத்து பண்ணணுமா?" என்று கேட்டார் மாமா, ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

"அதெல்லாம் எப்ப வேணா பண்ணலாம் சார்."

மாமாவால் தாங்க முடியவில்லை. "எப்ப வேணா பண்ணா நுனி கருகிடும் தம்பி. மழை ஓய்ஞ்சப்புறம் பண்ணு. கீழ் இலையில கரும்புள்ளி வந்தா பயப்படாதே, ஒரு மாசத்துல அதுவே உதிர்த்துட்டு துளிர்க்கும்."

பையன் முழித்தான். "உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

இதுதான் சமயம் என்று நான் ஆரம்பித்தேன். சட்டம், 2001, ராயல்ட்டி, எல்லாம் வந்தது. சத்தம் கேட்டு முதலாளி வந்தார். என் வயதுதான் இருக்கும். பொறுமையாகக் கேட்டார். "எனக்குத் தெரியாதுங்க. அப்பா காலத்து ரகம் அது. அப்பா தவறி ஆறு வருஷமாச்சு" என்றவர், உள்ளே போய் ஒரு பழைய நோட்டைக் கொண்டுவந்து புரட்டினார்.

ஒரு பக்கத்தில் பென்சிலில் எழுதியிருந்தது: 'வைகை. பெரியகுளம் தாலுகா ஆபீஸ் சார் கொடுத்தது. வெயில் தாங்கும். விடக் கூடாது.'

"பேரை இங்கிலீஷ்ல எழுதி அட்டை அடிக்கக் கொடுத்தோம். பிரஸ்காரன் வேகாஸ்னு அடிச்சுட்டான். அந்தப் பேர்ல நல்லா போகுதேன்னு விட்டுட்டோம்" என்றார், தலையைச் சொறிந்தபடி.

மாமா அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை விரலால் தடவினார். அப்புறம்தான் சொன்னார், எனக்கும் சேர்த்து: "என்கிட்ட வைகை இல்ல தம்பி. 2017ல குடிதண்ணிக்கே குடத்தோட அலைஞ்சோம்ல, அப்ப தாய்ச்செடி, ஒட்டு, எல்லாமே காய்ஞ்சு போச்சு. உலகத்துலயே இல்லைன்னுதான் நினைச்சிருந்தேன்."

நான் மடித்துவிட்ட கையை மெதுவாக இறக்கிவிட்டுக் கொண்டேன். நாங்கள் திருடனைப் பிடிக்க வரவில்லை; செடி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறோம். அந்த மனிதர் மட்டும் 'விடக் கூடாது' என்று எழுதி, விற்று, விற்பதற்காகப் பெருக்காமல் இருந்திருந்தால் வைகை நோட்டில் ஒரு வரியாகத்தான் இருந்திருக்கும்.

"அட்டையை மாத்திடறேன் சார்" என்றார் முதலாளி.

"மெதுவா மாத்துங்க. இருக்கற அட்டை தீரட்டும்" என்றார் தாலுகா ஆபீஸ் கிளார்க்.

இரண்டு செடி எடுத்தோம். முதலாளி பணமே வேண்டாம் என்றார். மாமா கேட்கவில்லை. கடைசியில் முந்நூறுக்கு இருநூற்று ஐம்பது என்று முடிந்தது.

பஸ்ஸில், வேர் மண் உதிராமல் ஈரச் சாக்கைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அம்பது ரூவா குறைச்சான் பாத்தியா? எழுதிக்கோ மாப்ள. ராயல்ட்டி!"

வீட்டு வாசலில் அத்தை நின்றிருந்தாள். செடியைப் பார்த்தாள். அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"நல்லவேளை, என் பேரை வெக்க விடலை. அதை என்னான்னு அடிச்சிருப்பானோ!" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுத்துவரப் போனாள். வெறும் கையோடு திரும்பி வந்து கேட்டாள்: "ஏங்க, ஃப்ரிட்ஜ்ல இடம் எதுவும் வேணுமா?"