விஸ்கான்சின் புல்வெளியில் ஒரு பாடம்

வேட்டைப் பிராணிகளைப் பற்றிய பாடத்தைப் பதினெட்டு ஆண்டுகளாக மத்ரஸாவில் நடத்தி வருகிறேன். பயிற்றுவிக்கப்பட்ட பிராணிகள் நமக்காகப் பிடித்துத் தருவதை உண்ணலாம் என்பது மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் தரும் அனுமதி. ஏவினால் செல்ல வேண்டும், தடுத்தால் நிற்க வேண்டும், பிடித்ததைத் தின்னக்கூடாது. இவை ஷாஃபிஈ கிதாபுகள் கூறும் நிபந்தனைகள். ஒருநாள் மாணவர் ஒருவர் எழுந்து, "பசித்த நாய் தின்னாமல் எப்படி இருக்கும், ஹஜ்ரத்?" என்று வினவினார். "கிதாபைப் பாரும்" என்று அதட்டி அமர்த்திவிட்டேன். என்னிடம் விடை இல்லை என்பதே உண்மை. நாயைக் கண்டால் தெருவின் மறுபுறம் செல்பவன் நான்.

சென்ற ஆகஸ்டில் தங்கையைக் காண அமெரிக்காவின் மில்வாக்கி நகருக்குச் சென்றிருந்தேன். ஒருநாள் பஜ்ருத் தொழுகைக்குப் பின், "மச்சான், உங்கள் கிதாபில் உள்ளதைக் கண்ணால் காணலாம், வாருங்கள்" என்று தங்கையின் கணவர் காரில் அழைத்துச் சென்றார். நாங்கள் சென்ற இடம் கெனோஷா மாவட்டத்திலுள்ள ரிச்சர்ட் பாங் பொழுதுபோக்குப் பூங்கா.

4,515 ஏக்கர் நிலம். போர் விமானத்தளம் அமைப்பதற்காக எடுக்கப்பட்டது. 12,500 அடி ஓடுபாதைக்குக் கான்கிரீட் ஊற்ற மூன்றே நாட்கள் இருந்தபோது, 1959இல் திட்டம் கைவிடப்பட்டது. 1945இல் மறைந்த இம்மாநில விமானியின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஓடுபாதை வரவிருந்த நிலத்தில் இன்று ஆளுயரப் புல்லும் குளங்களும் பறவைகளும் உள்ளன. அதில் ஒரு பகுதியை வேட்டை நாய்களுக்கும் வல்லூறுகளுக்கும் பயிற்சி அளிக்கப் பொதுமக்களுக்கு விட்டிருக்கிறார்கள். இம்மாநில அரசின் வனவிலங்கு நிலங்களில் ஏப்ரல் 15 முதல் ஜூலை 31 வரை நாயைக் கயிற்றில் பிடித்தே நடத்த வேண்டுமாம். தரையில் கூடு கட்டும் பறவைகள் குஞ்சு பொரிக்கும் பருவம் அது. பயிற்சிக்கென ஒதுக்கிய இடங்களுக்கு விலக்கு உண்டு. வேட்டைக்கும் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்களே என்று வியந்தேன்.

குளக்கரையில் ஒரு முதியவர் கறுப்பு லேப்ரடார் நாயுடன் நின்றிருந்தார். துணியால் செய்த உருளையொன்றை நீரில் எறிந்தார். நாயின் உடல் முழுதும் துடித்தது. கால்கள் மட்டும் அசையவில்லை. பெயரைச் சொல்லி அழைத்த பிறகே பாய்ந்தது. பாதி தூரம் நீந்தியதும் ஒரு சீழ்க்கை ஒலித்தது. உடனே திரும்பி அவர் முகம் பார்த்தது. பிறகு செத்த புறா ஒன்றைப் புல்லுக்குள் எறிந்தார். நாய் அதைத் தேடிக் கவ்விவந்து அவர் கையில் வைத்தது. அவர் எங்களிடம் நீட்டிக் காட்டினார். சிறகு நனைந்திருந்தது, தோல் கிழியவில்லை.

என் மாணவரின் கேள்வியை மச்சான் ஆங்கிலத்தில் கேட்டார். "காலையில் இதற்கு உணவே வைக்கவில்லை. பசியோடுதான் நிற்கிறது. பயிற்சி முடிந்துதான் சாப்பாடு" என்றார் முதியவர்.

அடுத்து ஓர் இளம் நாயை விட்டார். அது புறாவைக் கவ்வியதும் புல்லுக்குள் படுத்துக் கிழிக்கத் தொடங்கிவிட்டது. அவர் அடிக்கவில்லை, சத்தமும் போடவில்லை. அருகே சென்று புறாவை எடுத்துத் தூர வைத்தார். நாயின் கழுத்தில் நீண்ட கயிற்றை மாட்டி, முதல் நாள் பாடமாகிய 'உட்கார்' என்பதிலிருந்து தொடங்கினார். நான் திகைத்து நின்றேன். தேர்ந்த நாய் வேட்டையைத் தின்றுவிட்டால் அந்த வேட்டை ஆகாது, நாய்க்குப் புதிதாகப் பயிற்சி தர வேண்டும் என்று இமாம் நவவீ அவர்கள் தம் மின்ஹாஜில் எழுதியிருப்பதை எத்தனை முறை ஓதிக்கொடுத்திருப்பேன்! அது தண்டனை என்றே இதுநாள்வரை எண்ணியிருந்தேன். நாய் வளர்ப்பவரின் அன்றாட வேலை அது என்பது எனக்குத் தெரியாது.

இந்த நேரம் பார்த்துக் கறுப்பு நாய் என்னருகே வந்து உடலைச் சிலிர்த்தது. ஜிப்பா முழுதும் நீர்த்துளிகள்! முதியவர் பதறி மன்னிப்புக் கேட்டார். பாதகமில்லை என்று கையசைத்தேன்.

வீட்டில் தோட்டத்து மண்ணை ஒரு வாளியில் கரைத்து, ஏழு முறை கழுவும் கணக்கைத் தங்கை உரக்க எண்ணினாள். "காக்கா, இங்கே வந்தும் கிதாபு உங்களை விடவில்லையே!" என்று சிரித்தாள்.

அந்த மாணவர் இப்போது ஒரு கடற்கரை ஊரின் பள்ளிவாசலில் இமாமாக இருக்கிறார். அன்றிரவே அவருக்குக் கடிதம் எழுதினேன். முதல் வரியில் மன்னிப்பும், அடுத்து அந்தப் புறாவைப் பற்றியும்.