75 வாட்

ராத்தா வீட்டுப்படம் வரையும் கணினி ஒரு டெல் பிரிசிஷன் டீ3500. 2009இல் வந்த வகை. மச்சான் வேலைசெய்த கந்தோரில் கழித்தபோது வாங்கியது. கைக்குழந்தையோடு வெளியே வேலைக்குப் போக முடியாத ராத்தாவுக்கு அந்த மேசைதான் கந்தோர். ஆனால், ஒரு வீட்டின் முப்பரிமாணப் படத்தை பிளெண்டரில் இஷாவுக்குப் பிறகு ஓடவிட்டால் சுபஹுக்கும் முடிந்திருக்காது. உள்ளே இருந்த குவாட்ரோ 600 கிராஃபிக்ஸ் கார்ட்டில் 1 ஜீ.பி. நினைவகம்தான். புதிய பிளெண்டர் அதைக் கணக்கில் எடுக்காமல் முழுப் பாரத்தையும் செயலியின் தலையில் போட்டது. காத்திருந்து அலுத்துப்போன இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள்.

பம்பலப்பிட்டிக்குப் போய் விசாரித்தோம். "இதப் போட்டுட்டு புதுசு எடுங்க மிஸ்" என்றார் ஒருவர். இன்னொருவர் ஆர்.டீ.எக்ஸ். 3060ஐக் காட்டினார்.

உயர்தரத்தில் ஐ.சி.டி. படிப்பதால் கணக்குப் பார்க்கும் பொறுப்பு எனக்கு. 3060 தனியே 170 வாட் இழுக்கும். 550 வாட் பவர் சப்ளை கேட்கும். எங்களுடையது 525, அதுவும் 10 வருடத்துக்கு மேல் உழைத்தது. ஜீ.டீ.எக்ஸ். 1050 டீ.ஐ. 75 வாட்டுக்குள் அடங்கும். தாய்ப்பலகையின் 16 வழிச் செருகுவாய் தரக்கூடியதும் அதே 75 வாட்தான். மேலதிக வயர் கேட்காத மொடலாகப் பார்த்து, பாவித்த ஒன்றை எடுத்தோம். நினைவகம் 4 ஜீ.பி. கார்ட் மூன்றாம் தலைமுறை, செருகுவாய் இரண்டாம் தலைமுறை. அதனால் பாதகமில்லை, குறைந்த வேகத்துக்கு இரண்டும் இணங்கிப்போகும். ராத்தாவின் மொனிட்டர் பழைய வீ.ஜீ.ஏ.; புதிய கார்ட்டிலோ டிஜிட்டல் வாய்கள் மட்டுமே. ஆகவே ஒரு எச்.டீ.எம்.ஐ. மாற்றியும் வாங்க வேண்டியிருந்தது. கடையில் இதை யாரும் தானாகச் சொல்வதில்லை.

வீட்டில் பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தைப் போக்கினேன். உடம்பில் நிலைமின் தங்காதிருக்க, பெட்டியின் வெறும் இரும்பைத் தொட்டுக்கொண்டேன். செருகுவாயின் முனையில் சிறு பிடியொன்று உண்டு. அதைத் தளர்த்தாமல் இழுத்தால் கார்ட்டோடு செருகுவாயும் உடைந்துவிடும். குழந்தையை இடுப்பில் வைத்தபடி "மெல்ல புள்ள, மெல்ல" என்று ராத்தா என் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

திரை வந்தது. பிளெண்டரின் அமைப்பில் வேலையைச் செயலியிலிருந்து கார்ட்டுக்கு மாற்றிவிட்டோம். அஸருக்குப் பின் தொடங்கிய படம் மஃரிபுக்குள் முடிந்தது. ராத்தா உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். கூரையின் நிறம் பிடிக்கவில்லை என்று வாடிக்கையாளரிடமிருந்து பதில் வந்தது. அன்றிரவே மாற்றி அனுப்பினாள்.