வேரைக் காணாத காளான்

மழை பிறந்தால் மூணாற்று மலைச்சாரலில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் அடுக்களையில் காளான் மணக்கும். புகைவண்டி நிலையத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நாம் விடுப்பில் ஊர் திரும்புவதற்கு அந்த மணமும் ஒரு காரணம்.

சென்ற மழைக்காலத்தில் நம் மகன் தைலமரக் காட்டோரத்திலிருந்து வெண்காளான்கள் ஆறு பறித்து வந்தான். திருநெல்வேலிச் சீமையில் பிறந்த அன்னையார், "நம்மூர்ப் புற்றுக்காளான்தான்!" என்று மகிழ்ந்து சட்டியை எடுத்தார். தந்தையாரோ, "இதன் வேர் எங்கே?" என்று வினவினார். பேரனை அழைத்துச் சென்று, பறித்த இடத்தைக் கிளறினார். கிழிந்த முட்டையோடு போன்ற வெள்ளைப் பை ஒன்று மண்ணுள் கிடந்தது. காளான்கள் அடுப்பேறவில்லை, குழியில் புதைக்கப்பட்டன.

புற்றுக்காளான் கறையான் வளர்க்கும் பயிராகும். மண்ணுக்கடியில் கறையான் கட்டும் பூஞ்சைக்கூட்டிலிருந்து அது மேலெழுகின்றது. ஆதலின் அதன் தண்டு, நீண்டு மெலிந்த வேர்போல் அக்கூடு வரை இறங்கும். குடையின் நடுவே கூரிய குமிழ் இருக்கும். வெண்ணிற மடல்கள் முதிர்ந்தால் இளஞ்சிவப்பு ஏறும். அடியில் பையோ கிண்ணமோ இராது.

கொல்லும் அமானிட்டா இனக் காளானும் வெண்மையானதே. அதன் மடல்கள் முதிர்ந்தும் வெண்மை மாறா. தண்டில் பாவாடை போன்ற வளையமும் அடியில் பையும் உண்டு. பிடுங்கினால் பை மண்ணிலேயே தங்கிவிடும். ஆகவே பிடுங்காதீர், தோண்டியெடுத்துப் பாருங்கள். மடல் பச்சையாக மாறும் காளானும் ஆகாது. வாந்தியும் பேதியும் உண்டாக்கும்.

வெள்ளிக்காசு கறுக்கும், பூச்சி அரித்தது நல்லது என்பனவெல்லாம் வீண் நம்பிக்கைகள். கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு அழியாது. உண்டு ஆறு மணி நேரத்திற்குப் பின்னரே, சிலருக்கு ஒரு நாள் கழிந்தும், வாந்தி தொடங்கும். நடுவில் சற்றுத் தெளிந்தாற்போல் தோன்றினும் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். ஐயம் எழுந்தவுடன், மிஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் நச்சுக்காளான் உண்டு 13 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் நம்மைப் போன்ற தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தினர்.

அன்பர்களே! பிறந்த ஊரில் பெற்ற அறிவு வந்த ஊரில் முழுதும் பயன்படும் என்று எண்ணற்க. முத்திரை ஒன்று குறைந்தாலும் பார்சலை நாம் ஏற்பதில்லை. காளானுக்கும் அதுவே விதியாகுக. அன்று தந்தையார் ஒரு கேள்வி கேட்டிராவிடில், இதனை எழுத நாம் இருந்திருக்கமாட்டோம்.